பெரிய ஃபிலிமுக்கு எந்த ஸ்கேனர்?

4x5 அங்குலம், 8x10 அங்குலம் போன்ற அளவுகளில் தாள் தாளாக வரும் ஃபிலிமைக் கணினிக்குள் கொண்டுவரப் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் நாடுவது பிளாட்பெட் ஸ்கேனரைத்தான். அலுவலகங்களில் இருக்கும் ஆவண ஸ்கேனர் இதற்கு உதவாது. அது தாளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படிக்கிறது. ஃபிலிமிலோ ஒளி ஊடுருவி வரவேண்டும். அதற்கு மூடிக்குள் தனி விளக்கு தேவை.

அந்த விளக்கின் அகலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எப்சன் வி600இல் அது 120 ரோல் ஃபிலிமின் அகலத்துக்கே போதும். 4x5 நெகடிவை இரண்டு பகுதிகளாக ஸ்கேன் செய்து மென்பொருளில் இணைக்க நேரும். அதே நிறுவனத்தின் வி700, வி750, 2014இல் வந்த வி800, வி850 ஆகிய நான்கும் 8x10 வரை ஒரே தடவையில் படித்துவிடும்.

பெட்டியில் போட்டிருக்கும் 6400 டிபிஐ என்ற எண்ணை நம்பி வாங்கக் கூடாது. வி700 வகை ஸ்கேனர்களில் உண்மையாகப் பிரிந்து தெரியும் நுணுக்கம் சுமார் 2300 டிபிஐ. 35 மி.மீ. ஃபிலிமுக்கு இது பெரிய குறை. ஆனால் 4x5 தாளில் இதே 2300, பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பிக்சல்களைத் தரும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று அச்சிட்டால் படம் 30 அங்குல அகலத்தைத் தாண்டும். பெரிய ஃபிலிமுக்கு பிளாட்பெட் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

கூர்மை கெடுவது பெரும்பாலும் உயரத்தால்தான். வி700 வகை ஸ்கேனர்களில் இரண்டு லென்ஸ்கள் உண்டு: ஒன்று கண்ணாடியின் மேற்பரப்பிலும், மற்றொன்று அதற்குச் சில மில்லிமீட்டர் மேலே, ஹோல்டரில் இருக்கும் ஃபிலிமிலும் குவியும். 4x5 தாள் ஹோல்டரின் நடுவில் சற்றுத் தொய்ந்தாலும் படம் மங்கும். ஹோல்டரின் உயரத்தை மாற்றி மாற்றி ஸ்கேன் செய்து ஒப்பிடுவது அலுப்பான வேலைதான். ஆனால் புது ஸ்கேனர் வாங்குவதைவிட அதில் கிடைக்கும் பலன் அதிகம். 8x10 தாளை நேரே கண்ணாடிமேல் வைக்கும்போது தொய்வு இல்லை; ஆனால் ஃபிலிம் கண்ணாடியைத் தொடும் இடங்களில் நியூட்டன் வளையங்கள் தோன்றலாம். தனித் திரவத்தில் ஃபிலிமை ஒட்டி ஸ்கேன் செய்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

வி700இன் ஃப்ளூரசன்ட் விளக்கு சூடேறக் காத்திருக்க வேண்டும். வி800 முதல் எல்இடி வந்ததால் அந்தத் தாமதம் இல்லை. படத்தின் தரத்தில் வேறுபாடு சொற்பம் என்பதால், நல்ல நிலையில் கிடைக்கும் பழைய வி700ஐத் தயங்காமல் வாங்கலாம். அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்கும் வசதி வழக்கமான கருப்பு-வெள்ளை ஃபிலிமுக்குப் பயன்படாது. படத்திலுள்ள வெள்ளியே அந்த ஒளியை மறைத்துவிடும்.

நெகடிவ்களுக்கு இந்த ஸ்கேனர்கள் போதும். வண்ண ஸ்லைடுகளின் அடர்ந்த நிழல்களில்தான் இவை திணறி, விவரங்களுக்குப் பதில் இரைச்சலைப் பதிகின்றன. அத்தகைய படங்களுக்கு ஒளிப்பெருக்கிக் குழாய் கொண்ட டிரம் ஸ்கேனரே சிறந்தது.