தயிரும் பழஞ்சோறும் நடுக்கு வாதமும்

வயிறு கெட்டால் மனமும் குழம்பும் என்பது எமது ஆச்சிமார் அறிந்த சங்கதி. வயிற்றுக்கும் மூளைக்கும் உள்ள இத்தொடர்பை ஆய்வாளர்களும் இப்போது துருவிப் பார்க்கின்றனர்.

கை நடுக்கம், உடல் இறுக்கம், நடைத் தளர்வு என்பவற்றைத் தரும் நடுக்கு வாதத்தை 1817இல் விவரித்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கிலேய வைத்தியர். நோயாளரின் மலச்சிக்கலையும் அவர் அன்றே குறித்து வைத்தார். பலருக்கு நடுக்கம் தோன்றப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் வந்துவிடுகின்றது. இந்நோய் சிலரில் குடலிலே தொடங்கி, வேகசு நரம்பு வழியாக மூளைக்கு ஏறலாம் என்ற கருத்தை ஜேர்மனிய ஆய்வாளர் ஹைக்கோ பிராக் 2003இல் முன்வைத்தார். இது இன்னும் முடிந்த முடிபன்று.

அப்படியாயின் தயிரும் பழஞ்சோறும் இந்நோயைத் தீர்க்குமா? தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தயிரை நம்பிக் குளிசையை நிறுத்திவிட்ட வீடுகளை நாம் கண்டிருக்கின்றோம். திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, கடுங்காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆனால் மலச்சிக்கலுக்குப் பயன் உண்டு. 2016இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், இந்நோயுள்ள 120 பேரில் ஒரு பகுதியினருக்கு நுண்ணுயிரும் நார்ச்சத்தும் சேர்த்த புளித்த பால் நான்கு வாரம் கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு மலம் கழிவது சீரடைந்தது. நார்ச்சத்தும் சேர்ந்திருந்தது என்பதைக் கவனிக்கவும். வெறும் தயிர் போதாது. கீரை, பழம், தண்ணீர் எல்லாம் வேண்டும்.

எமது சட்டித் தயிர், மோர், பழஞ்சோறு யாவும் புளித்த உணவுகளே. தோசை மாவும் புளித்ததுதான், ஆயினும் கல்லின் சூட்டில் அந்த நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். பழஞ்சோற்றுக்குச் சுத்தமான பாத்திரமும் கொதித்தாறிய நீரும் தேவை. மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும். பிசுபிசுப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

பராமரிப்போர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இந்நோய்க்குரிய லெவோடோப்பா குளிசையைத் தயிருடன் விழுங்கக் கூடாது. தயிர், பால், மீன் ஆகியவற்றிலுள்ள புரதம் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னரே கொடுப்பது வழக்கம். குமட்டல் வந்தால் வைத்தியரிடம் கேட்டு நேரத்தை மாற்றலாம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு மோர், பழஞ்சோற்றுத் தண்ணீர் போன்றவை மூச்சுக் குழாய்க்குள் போகக்கூடும். அத்தகையோருக்குக் கெட்டித் தயிரே நல்லது. நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியால் ஆறுதலாகக் கொடுங்கள்.