மதமும் பசியும்

மதம் பிடித்த யானையைப் புத்தி பேதலித்த மிருகம் என்று எண்ணி விலகிப் போவது நம் வழக்கம். விலகுவது உசிதமே, எண்ணந்தான் சரியன்று. பெண் யானை 22 மாத காலம் கருச்சுமந்து, ஈன்ற கன்றுக்கு வருஷக்கணக்கில் பாலூட்டுவதால், நான்கைந்து வருஷங்களுக்கு ஒருமுறை, அதுவும் சில தினங்களே, இணைசேரும் பக்குவம் அடைகிறது. அந்தச் சில தினங்களுக்காக ஒரு வனத்தின் களிறுகள் அனைத்தும் அலையும்போது, போட்டி உக்கிரமாகாமல் வேறென்ன செய்யும்?

கன்னத்தில் மதநீர் வழிய, சிறுநீர் சொட்ட, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை ஹார்மோன் பன்மடங்கு பெருக, ஒரு களிறு தன் எதிரிகளுக்கெல்லாம் செய்யும் பகிரங்க அறிவிப்பே மதம். காசிரங்காவில் களிறுகளை ஆராய்ந்து கற்பகம் செல்லையாவும் இராமன் சுகுமாரும் 2013-ல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு களிறுகள் எதிர்ப்படும்போது எது மேலோங்கும் என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம் மதத்துக்கு, அடுத்தது உடற்பருமன், தந்தம் அதற்கும் பிறகே. தந்தத்தின் மோகம் மனிதனுக்குத்தான் அதிகம் போலும்! கொம்பில்லாத மக்னா ஆணினத்தில் தாழ்ந்தது என்று யாரும் இரங்க வேண்டியதில்லை.

ஆனால் மதகாலத்தில் களிறு இரையைக் குறைத்துக்கொண்டு ஓயாமல் நடப்பதால் உடல் மெலிகிறது. முன்பே சேமித்து வைத்த கொழுப்புத்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. நல்ல ஆகாரம் கிடைத்த களிறே நீண்டநாள் மதத்தில் நிலைக்கும். கன்றுகளோடு வரும் பெண் யானைகள் தயங்கி நிற்கும் வயல்வரப்பை ஒற்றைக் களிறு துணிந்து தாண்டி, காட்டுப் புல்லைவிடச் சத்து மிகுந்த கேழ்வரகை மேய்வதற்கு, இனப்பெருக்கப் போட்டியில் கிடைக்கக்கூடிய பெரிய லாபமே காரணம் என்பது, 1980-களில் சத்தியமங்கலம் பக்கத்துக் காடுகளில் ஆராய்ந்த சுகுமாரின் அபிப்பிராயம். பயிரை இழந்த விவசாயிக்கு இது ஆறுதலாகாது. களிறு ஏன் வெடிச் சத்தத்துக்கும் அஞ்சாமல் மறுபடி வருகிறது என்பதை மட்டும் விளக்கும்.

இந்தப் போட்டியில் மூத்தவர்கள் இல்லாமற்போனால் நேர்வதைத் தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் வனம் காட்டிற்று. குரூகர் வனத்தில் யானைக் கூட்டங்கள் சுட்டுக் குறைக்கப்பட்டபோது அனாதையாகி, கன்றுப் பருவத்திலேயே பிலானஸ்பர்க்கில் கொண்டுவிடப்பட்ட ஆண் யானைகள், சாதாரணமாக 25 வயதுக்கு மேல் வரவேண்டிய மதத்தை அகாலத்திலேயே அடைந்து, 1992-க்கும் 1997-க்கும் இடையே நாற்பதுக்கு மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-ல் குரூகரிலிருந்து ஆறு முதிர்ந்த களிறுகள் வந்து சேர்ந்தன. தம்மினும் வலியவை எதிரே நிற்கவே இளையவற்றின் மதகாலம் குறுகிற்று, காண்டாமிருகக் கொலைகளும் நின்றன.