தாதியர் கற்கைநெறியைத் தெரிவு செய்யுமுன்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் கண்டி - மாத்தளை வீதியின் சுவர்களில் புதிய சுவரொட்டிகள் தோன்றுவது வழக்கமாகிவிட்டது. குறுகிய காலத்தில் தாதியாகலாம், வெளிநாட்டு வேலைவாய்ப்பு உறுதி, தவணை முறையில் கட்டணம் என அவை அழைப்பு விடுக்கின்றன. அக்குறணையைக் கடந்து அமைந்துள்ள அலவத்துகொடவைச் சேர்ந்த தந்தை ஒருவர் அண்மையில் எம்மைச் சந்தித்தபோது அத்தகைய நிறுவனம் ஒன்றின் சான்றிதழைக் காட்டினார். மனைவியின் நகையை அடகு வைத்து மூத்த மகளைப் படிப்பித்திருக்கிறார். மகள் பயிற்சியை முடித்துவிட்டார். ஆயினும் அரசாங்க வைத்தியசாலைக்கு விண்ணப்பிக்கவோ, வெளிநாட்டில் தாதியாகப் பதிவு செய்யவோ அந்தச் சான்றிதழ் உதவவில்லை. தனியார் சிகிச்சை நிலையமொன்றில் உதவியாளராகப் பணிபுரிகின்றார்.

எமது நோயாளர்கள் வெள்ளைச் சீருடையில் எவர் வந்தாலும் "மிஸ்ஸி" என்றே அழைத்துப் பழகியவர்கள். சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு பெற்றவரே இந்நாட்டில் தாதியாவார். எனவே, ஒரு கற்கைநெறியைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி கட்டடம் எத்தனை மாடி, கட்டணம் எவ்வளவு என்பதல்ல. இதனை முடித்தவர் பேரவையில் பதிவு செய்யப்படுவாரா என்பதே ஆகும். இதற்கான பதிலை நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் அல்லாமல் பேரவையிடமே நேரடியாகக் கேட்டறிதல் வேண்டும்.

இதில் குழப்பம் விளைவிக்கும் மற்றொரு விடயமும் உண்டு. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்ட நிறுவனம் என்ற வாசகத்தைப் பெற்றோர் அரசாங்க அங்கீகாரம் என எடுத்துக்கொள்கின்றனர். அது பொய்யல்ல. ஆனால் அது தொழிற்பயிற்சி நிறுவனம் என்ற வகையிலான பதிவாகும். பராமரிப்பாளர் போன்ற தொழில்களுக்கு என்.வி.கியூ. சான்றிதழ் பயன்தரக்கூடியது. முதியோர் பராமரிப்பு கௌரவமான தொழில், அதற்கு வெளிநாடுகளில் கேள்வியும் இருக்கின்றது. பராமரிப்பாளராகப் போவதற்கு அறிந்தே சேர்பவர் ஏமாறுவதில்லை. தாதியாவதற்கெனச் சேர்ந்து பராமரிப்பாளராக வெளியேறுபவரே ஏமாற்றப்பட்டவராவார்.

இலங்கையில் தாதியாவதற்கான பிரதான வழிகள் இரண்டு. சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகளில் வழங்கப்படும் மூன்று வருட டிப்ளோமா ஒன்று. கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா உள்ளிட்ட இடங்களில் இக்கல்லூரிகள் உள்ளன. வர்த்தமானி அறிவித்தல் மூலம் விண்ணப்பம் கோரப்படும். கட்டணம் கிடையாது, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும், முடிவில் அரச சேவையில் நியமனமும் கிடைக்கும். அறிவித்தல் எப்போது வரும் என்று கூற முடியாததே இதிலுள்ள இடர். ஒரு வர்த்தமானியைத் தவறவிட்டால் நீண்ட காலம் காத்திருக்க நேரிடும். மற்றையது பல்கலைக்கழகங்களின் நான்கு வருடப் பட்டம். அலவத்துகொடவிலிருந்து நாளாந்தம் சென்று வரக்கூடிய தூரத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடம் இருக்கின்றது. யாழ்ப்பாணம், கிழக்கு, ருஹுணு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, கொழும்பு ஆகிய பல்கலைக்கழகங்களிலும் இப்பட்டம் உண்டு. இவை தவிர, தனியார் துறையிலும் பயிற்சிகள் வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது எனக் கூறப்படும் பட்டமாயினும் பேரவையின் பதிவு பற்றிய கேள்வியிலிருந்து அதற்கு விலக்கில்லை.

மேற்படி இரு வழிகளும் உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களைக் கற்றவர்களையே முதன்மையாக எதிர்பார்க்கின்றன. எமது சமூகங்கள் இடறி விழும் இடம் இதுவேயாகும். மலையகத் தோட்டப் பாடசாலைகளிலும் கிராமப்புற முஸ்லிம் பாடசாலைகளிலும் கணிசமானவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. விஞ்ஞானம் கற்பிக்கும் 1ஏபி தரப் பாடசாலை தொலைவில் இருக்கும்போது, பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் பஸ்ஸில் அனுப்பத் தயங்கும் பெற்றோர் அருகிலுள்ள பாடசாலையில் கலைப் பிரிவில் சேர்த்துவிடுகின்றனர். இரண்டு வருடங்களின் பின்னர் பிள்ளை தாதியாக விரும்பும்போது அரசாங்கத்தின் கதவு திறப்பதில்லை. சுவரொட்டி அப்போதுதான் கண்ணில் படுகின்றது. ஆகவே தாதியர் கற்கைநெறியைத் தெரிவு செய்யும் காலம் உயர்தரத்திற்குப் பின்னரல்ல, சாதாரண தரப் பரீட்சை முடிந்து பாடப்பிரிவைத் தெரிவு செய்யும் அந்தச் சில வாரங்களே ஆகும்.

வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் கூறும் ஆலோசனையையும் இங்கு குறிப்பிடுதல் வேண்டும். "சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தால் போதும், நேர்ஸ் ஆகலாம்" என்பர். அமெரிக்காவைப் பொறுத்தவரை இது பெருமளவு சரியே. மில்ட்ரெட் மொன்டாக் என்ற தாதியக் கல்வியாளரின் யோசனைப்படி 1952 இல் ஆரம்பமான சமுதாயக் கல்லூரித் தாதியர் கற்கைநெறியை முடித்தவர்கள், நான்கு வருடப் பட்டதாரிகள் எழுதும் அதே உரிமப் பரீட்சையையே எழுதுகின்றனர். ஆனால் எம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிலைமை வேறு. அங்கு 2005 முதல் ஆர்.என். எனப்படும் பதிவு பெற்ற தாதியாகப் புதிதாக வருபவருக்குப் பட்டம் அவசியம். கல்லூரிகளின் இரண்டு வருட டிப்ளோமா ஆர்.பி.என். எனும் வேறொரு உரிமத்துக்கே இட்டுச் செல்லும். பொறுப்பும் ஊதியமும் அதற்கேற்ப வேறுபடும். கல்லூரியின் பெயர் ஒன்றாக ஒலித்தாலும் கையில் கிடைக்கும் உரிமம் ஒன்றல்ல. வளைகுடா நாடுகளிலும் பிரித்தானியாவிலும் சொந்த நாட்டில் பதிவு பெற்ற தாதியா என்பதே முதலில் பார்க்கப்படுகின்றது.

பதிவுக்கு அடுத்தபடியாக விசாரிக்க வேண்டியது நோயாளர் விடுதிப் பயிற்சியாகும். எந்த வைத்தியசாலையில், எத்தனை மணித்தியாலம், எவருடைய மேற்பார்வையில் என்று கேளுங்கள். பிரசவ விடுதியையும் சத்திரசிகிச்சைக் கூடத்தையும் காணாமல் பொம்மையை வைத்து ஊசி போடக் கற்றவரிடம் எவரும் தமது தாயை ஒப்படைக்கமாட்டார்.

முஸ்லிம் பெற்றோர் சிலருக்கு இரவுக் கடமை, சீருடை என்பன பற்றித் தயக்கம் இருக்கின்றது. தமிழ்க் குடும்பங்களிலும் இத்தயக்கம் முற்றாக நீங்கவில்லை. காயமடைந்தோருக்கு மதீனாவில் கூடாரம் அமைத்துச் சிகிச்சையளித்த ருபைதா அல் அஸ்லமிய்யாவை இஸ்லாமிய வரலாறு மதிப்புடன் பதிவு செய்துள்ளது. சீருடை எவ்வாறு அமையும், விடுதி வசதி உண்டா, இரவுக் கடமை முடிந்ததும் போக்குவரத்து என்ன என்பனவற்றைச் சேருமுன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. சேர்ந்த பின்னர் இடைநடுவில் விலகுபவர் கட்டிய பணத்தையும் கடந்த காலத்தையும் ஒருங்கே இழக்கின்றார்.

இத்தனையும் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியின் பின்னர் தாதியர் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். வயிற்றில் எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்பதைச் சிங்களத்தில் விளக்கத் தெரியாத தோட்டத்து முதியவர்கள் மலையக வைத்தியசாலைகளில் இன்றும் அயல் கட்டில்காரரின் மொழிபெயர்ப்பை நம்பியிருக்கின்றனர். தமிழ் பேசும் பதிவு பெற்ற தாதியர் அங்கே தேவைப்படுகின்றனர்.

அலவத்துகொடத் தந்தையின் இளைய மகள் தற்போது பதினோராம் தரத்தில் கற்கின்றார். விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலையொன்றில் இடம் கிடைக்குமா என அக்குறணையிலும் மாத்தளையிலும் விசாரித்து வருவதாக அவர் கூறினார். பஸ் நேரங்களையும் குறித்து வைத்திருந்தார்.