டர்போ காருக்கு இன்டர்கூலர் பைப் மாற்றினால் பவர் கூடுமா?

டர்போ கார் என்றால் ஒரு காலத்தில் பாடாங் செராய் பக்கம் வேறு அர்த்தம். கஞ்சில் அல்லது கெலிசாவில் ஜப்பான் ஹாஃப்-கட் 660 சிசி டர்போ இன்ஜினை இறக்கி ஓட்டுவார்கள். கடையில் டர்போவோடு வாங்கக்கூடிய சாதாரணக் குடும்ப காராக அது மாறியது பிறகுதான். 2011 டிசம்பரில் எக்ஸோரா போல்ட், 2012 ஏப்ரலில் பிரெவே என்று புரோட்டோன் தன் 1.6 லிட்டர் சிஎஃப்இ டர்போ இன்ஜினைக் கொண்டு வந்தது. 138 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை.

அந்த கார்கள் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தையில் இருக்கின்றன. கூலிம் ஹை-டெக் பார்க்கில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடமான ஒருவரால் வாங்க முடிகிற விலை. வாங்கிய கையோடு பலரும் கேட்கும் கேள்வி: "பைப்பிங் மாத்தினா காடி பறக்குமாமே, உண்மையா?"

சுருக்கமான பதில்: பறக்காது. ஆனால் அந்த வேலையில் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது.

இன்டர்கூலர் எதற்கு?

டர்போ என்பது புகைபோக்கியில் போகும் வாயுவின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. சைக்கிள் பம்பை நாலு தடவை வேகமாக அடித்துவிட்டு அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும், அவ்வளவுதான் விஷயம். வெளியே 32 டிகிரி, டர்போ 0.7 பார் அழுத்தம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், டர்போவை விட்டு வரும் காற்று ஏறக்குறைய 100 டிகிரியைத் தொட்டுவிடும்.

சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. இன்ஜின் 'நாக்' அடிக்கும் அபாயமும் கூடும். அதனால் நடுவில் ஒரு ரேடியேட்டர் மாதிரி வைத்துக் காற்றைக் குளிர்விக்கிறார்கள். 100 டிகிரியில் இருந்த காற்று 50 டிகிரிக்கு இறங்கினால், அதே இடத்தில் சுமார் 15 விழுக்காடு கூடுதல் காற்று அடங்கும்.

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போவது 'ஹாட் பைப்'. அங்கிருந்து திராட்டல் பாடிக்குத் திரும்புவது 'கோல்ட் பைப்'. நாம் பேசுவது இந்த இரண்டையும் பற்றித்தான். எல்லா டர்போ காரிலும் இது நீளமாக இருக்காது. ஃபோக்ஸ்வாகனின் 1.4 டிஎஸ்ஐ மாதிரி இன்ஜின்களில், தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டிலேயே பொருந்தியிருக்கும். அதில் மாற்றுவதற்கு பைப்பே கொஞ்சம்தான்.

பெரிய பைப், பெரிய பவரா?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 1.6 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் நொடிக்குச் சுமார் 80 லிட்டர் காற்றை இழுக்கும். 2 அங்குல பைப்பில் அந்தக் காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கேட்க அதிகமாகத் தெரியலாம். ஆனால் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தில் 0.4 மடங்கை, அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 490 கிலோமீட்டரை, நெருங்கும்போதுதான் பைப்பின் குறுக்களவு பெரிய தடையாகிறது என்பது டர்போ அமைப்பவர்களின் பொதுவான கணக்கு. நாம் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. 3 அங்குலமாக்கினால் வேகம் 63 கிலோமீட்டருக்கு இறங்கும், காருக்கு அதில் ஒரு லாபமும் கிடையாது.

நஷ்டம் உண்டு, ஆனால் சிறியது. 2 மீட்டர் நீளத்துக்கு 2 அங்குல பைப்பில் சுமார் 4 லிட்டர் காற்று அடங்கும், 3 அங்குலத்தில் 9 லிட்டர். அந்தக் கூடுதல் இடத்தையும் டர்போ நிரப்ப வேண்டும். குறைந்த ஆர்பிஎம்மில் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். "பெரிய பைப் போட்டா பயங்கரமா லேக் ஆகும்" என்று சிலர் பயமுறுத்துவதும் மிகைதான்.

உண்மையில் காற்றைத் தடுப்பவை வேறு: இன்டர்கூலரின் உட்பகுதி, கூரான வளைவுகள், இணைப்பில் நசுங்கிய ஹோஸ்.

அப்போ எதற்கு மாற்றுவது?

பழசாகிப் போனதால். பத்து வருடம் போனட்டுக்கு அடியில் வெந்த ரப்பர் ஹோஸ் மெலிந்து, அழுத்தம் வரும்போது பலூன் போல உப்பும். பிளாஸ்டிக் பைப் இணைப்பில் விரிசல் விடும். வேகம் எடுக்கும்போது 'உஸ்' என்ற சத்தம், மேட்டில் ஏறத் திணறல், இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுபிசுப்பு, ஸ்கேனரில் பி0299 என்ற 'அண்டர்பூஸ்ட்' குறியீடு, இவையெல்லாம் கசிவின் அடையாளங்கள்.

கசிவோடு ஓட்டினால் பவர் குறைவதோடு முடிவதில்லை. வேண்டிய அழுத்தத்தை எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும், அதிகம் சூடாகும், சீக்கிரம் தேயும். ஹோஸில் மிச்சம் பிடித்தது டர்போ செலவில் போய்விடும். எஸ்டேட்டுக்குள் ஓடும் ஹைலக்ஸ், டிரைட்டன் மாதிரி டீசல் வண்டிகளுக்கும் இதே கதைதான், கூடவே கறும்புகையும் வரும். தீபகற்பத்தில் டீசல் மானியம் 2024 ஜூன் 10-இல் நீக்கப்பட்டு லிட்டர் 3 ரிங்கிட் 35 சென்னான பிறகு, கசியும் ஹோஸ் வண்டி வைத்துத் தொழில் செய்பவரின் பாக்கெட்டையும் கடிக்கிறது.

எனவே பைப் வாங்குவதற்கு முன் ஃபோர்மேனிடம் கேட்க வேண்டியது கசிவுப் பரிசோதனை. டர்போவின் நுழைவாயை மூடி, குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். பஞ்சர் பார்ப்பது மாதிரிதான், ஓட்டை இருந்தால் நுரைக்கும். வீட்டில் கம்ப்ரசரை வைத்து இதை நீங்களே செய்ய வேண்டாம். அழுத்தம் கூடினால் மூடி தெறித்து முகத்தில் அடிக்கும்.

மாற்றுவதாக இருந்தால், பளபளப்பைவிட இணைப்பைப் பாருங்கள். அலுமினிய பைப்பின் முனையில் மேடான விளிம்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஸ்ட் வரும்போது ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடும். சிலிக்கோன் ஹோஸில் துணி அடுக்குகள் எத்தனை என்று கேளுங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவற்றில் சில வெறும் மெல்லிய ரப்பர்தான். கிளாம்ப் டி-போல்ட் வகையாக இருப்பது நல்லது. எண்ணெய் ஆவி நாளடைவில் சாதாரண சிலிக்கோனை இளக்கிவிடும் என்பதையும் பலர் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்ஜினையே மாற்றினால் ஜேபிஜே அனுமதி வேண்டும், புஸ்பாகோம் பரிசோதனை வேண்டும், பதிவு விவரங்களும் மாற வேண்டும். அனுமதி இல்லாத ஹாஃப்-கட் இன்ஜின் வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் சிக்கிக்கொள்ளும். அதே அளவில் பைப்பை மட்டும் மாற்றுவது பதிவு அட்டை விவரம் எதையும் மாற்றாது. ஆனாலும் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லிவிடுவது நல்லது. மாற்றியமைத்ததை மறைத்திருந்தால், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் கேட்கும்போது அதுவே பிரச்சினையாகலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பெரிய இன்டர்கூலரையும் பைப்பையும் நுழைக்க, பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்பக்கம் மோதும்போது அடியை முதலில் வாங்குவது அந்தச் சட்டம்தான்.