கூட்ஸ் வண்டிக்கு வழி விடுங்க சார்!

காலை 7.50. ஆபீஸ் போகிற எங்கள் ரயில், அரக்கோணம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் ஆச்சு. பத்து நிமிஷம் ஆச்சு. ஜன்னல் சீட்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்தார்.

"கூட்ஸை விடறானாம் சார்!"

அவ்வளவுதான். பெட்டியில் அர்ச்சனை ஆரம்பமாகிவிட்டது. "மனுஷனைவிட மூட்டை பெரிசாப் போச்சு." "எல்லாம் கவர்ன்மென்ட்டைச் சொல்லணும்." "எங்க மேனேஜர்கிட்ட கூட்ஸ்னு சொன்னா நம்புவாரா?" நானும் என் பங்குக்கு ஒன்று எடுத்து விட்டேன். அச்சில் ஏற்ற முடியாது.

எதிர் சீட்டில் ஒரு பெரியவர். முப்பது வருஷம் கூட்ஸ் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். (கார்டு என்ற பெயரே இப்போது கிடையாது. 2022-லிருந்து 'ட்ரெயின் மேனேஜர்'. "பேரை மாத்துறதுக்கு முன்னாடி நான் வெளில வந்துட்டேன். மேனேஜர் ஆகாமலே போயிட்டேன் தம்பி" என்பார்.) அவர் நிதானமாகப் பொடி டப்பாவை மூடினார்.

"வருஷத்துல ஒரு நாள் கூட்ஸுக்காக நீங்க நிக்கறீங்க. முப்பது வருஷம் உங்களுக்காக நான் நின்னேன். பிரேக் வேன்ல. லைட் கிடையாது, ஃபேன் கிடையாது, பாத்ரூம் கிடையாது. லூப் லைன்ல தள்ளிட்டுப் போயிடுவான். மெயில் போவும், எக்ஸ்பிரஸ் போவும், பாசஞ்சர்கூடப் போவும். ஆறு மணி நேரம்லாம் நின்னிருக்கேன். உங்க டிக்கெட்டுல பாதி காசு குடுக்கறவன் அவன்தான். அவனைப் போய்த் திட்டறீங்களே!"

கடைசி வாக்கியம் உறைத்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போன பழைய ரயில் டிக்கெட் ஒன்று பர்ஸில் மடங்கிக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஒரு வரி. பயணச் செலவில் சராசரியாக 57 சதவிகிதம்தான் ரயில்வே உங்களிடமிருந்து வசூலிக்கிறது என்கிறது. சில வருஷங்களாகவே டிக்கெட்டில் அச்சாகிற வரிதான். யார் படிக்கிறோம்? நமக்கு சீட் நம்பர் தெரிந்தால் போதும்.

அதாவது, என்னைக் கொண்டுபோய் இறக்க நூறு ரூபாய் செலவு என்றால் நான் கொடுப்பது 57. மீதி 43? அதில் பெரும்பகுதியைக் கொடுப்பது அரிசி மூட்டை, சிமென்ட், இரும்பு, நிலக்கரி. ரயில்வேயின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூட்ஸில் வருகிறது. நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட, ஒரு சிமென்ட் மூட்டை நமக்காக டிக்கெட் எடுத்திருக்கிறது.

நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஈரோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் என் மச்சானைக் கேட்டால் சிரிப்பான். கேட்டேன். சிரித்தான்.

"மாமா, உங்க டிக்கெட்டுக்கும் சேர்த்து மூட்டை மேல சார்ஜ் போட்டா, மூட்டைக்காரன் எங்கிட்டதானே வருவான்? ரயில்ல அனுப்பணும்னா முழு ரேக் நிரப்பணும். நாப்பது வேகன். எந்த வியாபாரிகிட்ட நாப்பது வேகன் சரக்கு இருக்கு? சரக்கு இறக்க லேட்டானா நாம டெமரேஜ் கட்டணும். வண்டி லேட்டா வந்தா அவங்க கட்டுவாங்களா? எப்ப வரும்னுகூடச் சொல்ல மாட்டாங்க. நான் செவ்வாய்க்கிழமை காலைல கடை வாசல்ல இறக்கித் தரேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. நம் கூட்ஸ் வண்டிகளின் சராசரி வேகம் பல வருஷங்களாகவே மணிக்கு 25 கிலோமீட்டரைச் சுற்றித்தான். 1951 வாக்கில் நாட்டின் சரக்கில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் ரயிலில் போனது. இப்போது சுமார் 27. இதை 2030-க்குள் 45 ஆக்குவோம் என்று 2020-ல் தேசிய ரயில் திட்டம் போட்டார்கள். திட்டம் போடுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இதில் புகை விஷயம் ஒன்று இருக்கிறது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். தார் ரோட்டில் ரப்பர் டயர் மல்லுக்கட்டும். ஒரு கூட்ஸில் சுமார் 3,500 டன் போகிறது. அதையே இருபது டன் லாரிகளில் ஏற்றினால் 175 லாரி. 175 எஞ்சின், 175 டீசல் டேங்க். சரக்கு ரயிலைவிட்டு லாரிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அவ்வளவு புகை கூடுகிறது.

ரயில்வே சும்மா இருக்கவில்லை. 1925 பிப்ரவரி 3-ந் தேதி பம்பாயில் முதல் மின்சார ரயில் ஓடியது. நம்ம பீச் - தாம்பரம் 1931. அன்றிலிருந்து 2014 வரை கம்பி கட்டியது சுமார் 21,800 கிலோமீட்டர். அதற்குப் பிறகு 2025-க்குள் கட்டியது அதைப்போல் இரண்டு மடங்கு! அகலப் பாதையில் 99 சதவிகிதம் முடிந்துவிட்டது. பெரம்பூர் ஐ.சி.எஃப்-பில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைக்கூட 2025 ஜூலையில் சோதித்துப் பார்த்தார்கள். 2030-க்குள் கார்பன் கணக்கை சைபராக்குவதாக ரயில்வே சொல்லியிருக்கிறது. டீசல் மிச்சம், அந்நியச் செலாவணி மிச்சம். கை தட்டலாம். தட்டினேன்.

ஆனால் அந்த மின்சார எஞ்சின் எதை இழுத்துக்கொண்டு போகிறது என்று பாருங்கள். ரயிலில் போகும் சரக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரி!

நம்ம மேட்டூர் அனல் மின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரிஸ்ஸாவின் தால்ச்சேர் சுரங்கத்திலிருந்து ரயில் ஏறி பாரதீப் துறைமுகம். அங்கிருந்து கப்பலில் எண்ணூர். எண்ணூரிலிருந்து மறுபடி ரயிலில் மேட்டூர். அங்கே எரிந்து மின்சாரமாகி, கம்பி வழியாகத் திரும்பி வந்து, அடுத்த நிலக்கரி வண்டியை இழுக்கிறது. எங்கள் தெருவில் இரண்டு பேர் இப்படித்தான் ஒருவரிடம் கடன் வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காலம் தள்ளினார்கள்.

2022 கோடையில் மின் நிலையங்களில் நிலக்கரி தீரப்போகிறது என்று நாடே பதறியபோது, கரி வண்டிக்கு வழிவிட நூற்றுக்கணக்கான பயணி ரயில் சேவைகளை ரத்து செய்தார்கள். கல்யாண கோஷ்டிகள் பிளாட்பாரத்தில் நிற்க, கரி ஜம்மென்று போனது.

இப்போது யோசியுங்கள். ராஜஸ்தானிலும் நம்ம ராமநாதபுரத்திலும் சோலார் பலகைகள் பெருகுகின்றன. நாடு நிஜமாகவே புகையைக் குறைத்தால் ஒரு நாள் நிலக்கரி குறையும். சூரிய வெளிச்சத்தை ரேக் புக் பண்ணி யாரும் அனுப்பப் போவதில்லை. அப்போது என் சீஸன் டிக்கெட்டுக்கு மீதிப் பணம் யார் கொடுப்பார்கள்? லாரிக்குப் போன பிஸ்கட்டையும் சோப்பையும் துணி பேலையும் திரும்பக் கூட்டி வந்தாக வேண்டும். கம்பி கட்டினால் மட்டும் அவை வந்துவிடாது. செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர வேண்டும்.

அதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சரக்குக்கென்றே தனிப் பாதை. லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர். இது 2023-ல் முடிந்தது. டெல்லி பக்கத்து தாத்ரியிலிருந்து மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர். இதற்கான கம்பெனி ஆரம்பித்தது 2006-ல். மும்பையைத் தொடும் கடைசித் துண்டு அப்புறமும் இழுத்துக்கொண்டே போனது. நம்ம வீட்டு மாடி கட்டுகிற மாதிரிதான். ஆனால் வேலை சாதாரணமில்லை. மேற்குப் பாதையில் கன்டெய்னர் மேல் கன்டெய்னர் அடுக்கி, அதற்கும் மேலே உயரமாக மின்கம்பி கட்டி, ஒன்றரைக் கிலோமீட்டர் நீள ரயிலை 2021 ஜனவரியில் ஓட்டிக் காட்டினார்கள். வழியில் மறிக்க மெயிலும் இல்லை, எக்ஸ்பிரஸும் இல்லை.

நமக்கு? 2021 பட்ஜெட்டில் மேலும் மூன்று தனிப் பாதைகளை அறிவித்தார்கள். அதில் இரண்டு தெற்கு நோக்கி இறங்கி வந்து... விஜயவாடாவில் நின்றுவிட்டன. காகிதத்தில்கூட சென்னை வரவில்லை!

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2023-24 பட்ஜெட்டில் ரயில்வே முதலீட்டுக்கு 2.40 லட்சம் கோடி. 2013-14-ல் கொடுத்ததைப்போல் சுமார் ஒன்பது மடங்கு. ஆனால் வந்தே பாரத்தோடு செல்ஃபி எடுக்க ஜனம் முட்டி மோதுகிறது. சிமென்ட் ரேக்கோடு செல்ஃபி எடுத்தவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அரசியல்வாதிக்கும் இது தெரியும். ஓட்டுப் போடுவது நாம். மூட்டைக்கு ஓட்டு இல்லை.

பெரியவர் என்னைப் பார்த்து, "ஒண்ணு கேக்கறேன். சீஸன் டிக்கெட்டுல மாசம் முப்பது ரூபா ஏத்தி, மூட்டை சார்ஜைக் குறைக்கிறேன்னா ஒத்துப்பீங்களா?" என்றார்.

2025 ஜூலையில் கட்டணம் ஏறியபோது எக்ஸ்பிரஸ் சாதா வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு ஒரு பைசா, ஏ.சி-க்கு இரண்டு பைசா. சீஸனில் கை வைக்கவில்லை. அன்றைக்கு இதே பெட்டியில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தவன் நான்.

"அது வந்து சார்..." என்று ஆரம்பித்தேன்.

நல்லவேளை, கூட்ஸ் வந்துவிட்டது. எங்கள் லைனை மெதுவாகக் கடந்து மேற்கே திரும்பியது. வேகன் வேகனாகக் கறுப்பு மலை. மேட்டூருக்காக இருக்கும். பெரியவர் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே வந்தார். ஐம்பத்தெட்டு. கடைசியில் பிரேக் வேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞன் வெயிலில் நின்றிருந்தான். பெரியவர் ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினார். அவனும் ஆட்டினான்.

"முப்பது ரூபா பத்திக் கேட்டேனே?" என்றார் என் பக்கம் திரும்பி.

"இருபதுன்னா ஓ.கே. சார்" என்றேன்.