மழைத் தீவின் நீர்ச் சுழற்சி

கதிரவனின் வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி மேலெழுகிறது; உயரத்தில் குளிர்ந்து மேகமாகி, மழையாகப் பொழிகிறது; நிலத்தில் ஊறியும் ஆறாக ஓடியும் மீண்டும் கடலை அடைகிறது. இதுவே நீர்ச் சுழற்சி.

சிங்கப்பூரில் ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. எனினும் அங்கு நீர் அரிய பொருளே. தீவு சிறியது, நீண்ட ஆறுகளோ பெரிய இயற்கை ஏரிகளோ இல்லை. ஆதலின், பெய்த மழை தங்க இடமின்றி விரைவிற் கடலிற் கலந்துவிடும்.

இதனைத் தடுக்க, மழைநீர் வடிகால்களின் வழியே 17 நீர்த்தேக்கங்களிற் சேர்க்கப்படுகிறது. பயன்படுத்திய நீரும் 2003 முதல் தூய்மை செய்யப்பெற்று மீண்டும் வழங்கப்படுகிறது. அண்டையிலுள்ள ஜொகூரிலிருந்து நீர் பெறுவதற்கான 1962 ஆம் ஆண்டு உடன்படிக்கையோ 2061-இல் முடிவுறும்.

மழையின் அளவு மட்டுமன்று, அது நிலத்தில் தங்கும் காலமும் ஒரு நாட்டின் நீர்வளத்தை நிர்ணயிக்கிறது.