கரைக்குத் திட்டங்கள் பல. யமுனைக்கு ஒன்றும் இல்லை

புது தில்லி: யமுனையில் சுற்றுலாப் படகு விடுவதற்காக இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையமும் தில்லியின் அரசு அமைப்புகளும் 2025 மார்ச்சில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. தேர்ந்தெடுக்கப்பட்ட வழித்தடம் சோனியா விஹாருக்கும் ஜகத்பூருக்கும் இடைப்பட்ட சில கிலோமீட்டர் தொலைவு. செங்கோட்டை அந்த வழியில் இல்லை, ராஜ்காட் இல்லை, ஹுமாயூன் கல்லறையும் இல்லை. தலைநகருக்கு வரும் பயணிகள் தேடிச் செல்லும் சின்னங்களில் ஒன்றுகூட இல்லாத இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அது வஜீராபாத் கதவணைக்கு மேலே இருக்கிறது. தில்லியில் யமுனை ஆறாக ஓடுவது அதுவரைதான்.

வஜீராபாதில் குடிநீருக்காக ஆற்று நீர் எடுக்கப்படுகிறது. அதற்குக் கீழே, மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் ஓடுவதில் பெரும்பகுதி கழிவுநீர். கதவணையைக் கடந்த சிறிது தொலைவிலேயே நஜஃப்கர் கால்வாய் வந்து கலக்கிறது. ராஜஸ்தானின் ஆரவல்லிக் குன்றுகளில் பிறந்து, ஹரியாணா வழியாகத் தில்லிக்கு வந்த சாஹிபி நதியின் கடைசிப் பகுதிதான் இன்று இப்பெயரால் அழைக்கப்படும் சாக்கடை என்பது தில்லிவாசிகளிலேயே பலருக்குத் தெரியாது. யமுனோத்ரி முதல் பிரயாக்ராஜ் வரை 1,376 கி.மீ. ஓடும் யமுனையில், வஜீராபாத் முதல் ஓக்லா வரையிலான பகுதி 22 கி.மீ. மட்டுமே. நீளத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான இந்தப் பகுதிதான் நதியின் மொத்த மாசில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சேர்க்கிறது. ஆண்டுதோறும் சட் பூஜை நெருங்கும்போது ஓக்லா அருகே காளிந்தி குஞ்ஜில் வெண்ணுரை மிதக்கும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. சென்னைக் கூவத்தை அறிந்த வாசகர்களுக்கு இதில் வியக்க எதுவும் இல்லை.

இந்த நதியின் கரையை மீட்டெடுத்து, மக்கள் உலவும் வெளியாகவும் பாரம்பரியச் சுற்றுலாத் தலமாகவும் ஆக்க வேண்டும் என்ற யோசனைக்கு வயது அதிகம். மத்திய அரசின் கீழ் உள்ள தில்லி வளர்ச்சி ஆணையம் 1957-ல் அமைக்கப்பட்டது. முதல் பெருந்திட்டம் 1962-ல் வந்தது. அதன் பின்னர் வந்த ஒவ்வொரு திட்டத்திலும் யமுனைக் கரைக்கு இடம் இருந்தது. திட்டம் இல்லாமல் யமுனை கெடவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நதியை இழந்த கோட்டை

ஷாஜஹான் 1639-ல் கட்டத் தொடங்கி 1648-ல் முடித்த செங்கோட்டையின் கிழக்கு மதில் யமுனையைத் தொட்டு நின்றது. மாளிகைகள் நதியைப் பார்த்தபடியே வரிசையாக எழுப்பப்பட்டன. அதை ஒட்டி 1546-ல் எழுந்த சலீம்கர் கோட்டை, தெற்கே புராணா கிலா, ஹுமாயூன் கல்லறை எல்லாம் நதிக்கரைக் கட்டடங்களே. நதி கிழக்கே விலகியது. அது விட்டுச்சென்ற படுகையில் வட்டச்சாலை போடப்பட்டது. செங்கோட்டைக்கு 2007-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் இன்று அதைக் காண வருபவர் மேற்கே லாகூர் வாசலில் நுழைந்து, அதே வழியில் திரும்பிவிடுகிறார். கோட்டையின் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதே அவருக்குத் தெரிவதில்லை.

கோட்டைக்குப் பின்னால் நதி இருந்ததை 2023 ஜூலையில் நதியே நினைவூட்டியது. அம்மாதம் 13-ம் தேதி பழைய ரயில் பாலத்தருகே நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. அபாய அளவு 205.33 மீட்டர். 1978-ல் பதிவான 207.49 மீட்டர்தான் அதுவரை உச்சம். வட்டச்சாலை மூழ்கியது; வெள்ளம் செங்கோட்டையின் மதில் வரை வந்து நின்றது. ராஜ்காட் வளாகத்திலும் ஐ.டி.ஓ. சாலைச் சந்திப்பிலும் தண்ணீர் புகுந்தது.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஹரியாணாவின் ஹத்னிகுண்ட் கதவணையில் இருந்து 2019 ஆகஸ்டில் திறக்கப்பட்ட உச்ச அளவு விநாடிக்கு 8.28 லட்சம் கனஅடி. தில்லியில் நீர்மட்டம் 206.60 மீட்டர். 2013 ஜூனில் 8.06 லட்சம் கனஅடி, நீர்மட்டம் 207.32 மீட்டர். ஆனால் 2023-ல் திறக்கப்பட்டது 3.59 லட்சம் கனஅடிதான். பாதிக்கும் குறைவான நீர், இரண்டு மீட்டர் கூடுதல் உயரம்! வழியில் பெய்த கனமழை, படுகையில் சேர்ந்த வண்டல், ஐ.டி.ஓ. கதவணையில் திறக்க முடியாமல் சிக்கிக்கொண்ட மதகுகள் எனக் காரணங்கள் பல சொல்லப்பட்டன. எல்லாவற்றுக்கும் பின்னணியில் இருப்பது, வெள்ளம் பரவுவதற்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது என்பதே. 2025 செப்டம்பர் தொடக்கத்திலும் நீர்மட்டம் 207 மீட்டரைத் தாண்டியது.

விதிவிலக்குகளின் வரலாறு

தில்லிக்குள் நதியும் அதன் வெள்ளச் சமவெளியும் ‘ஓ மண்டலம்’ எனப்படுகின்றன. பரப்பு சுமார் 9,700 ஹெக்டேர். கட்டுமானம் தவிர்க்கப்பட வேண்டிய பகுதி என்பதே இதன் அடிப்படை. ஆனால் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக உள்விளையாட்டு அரங்கம் இங்கேதான் எழுந்தது. அக்ஷர்தாம் ஆலயம் 2005 நவம்பரில் திறக்கப்பட்டது. மெட்ரோ ரயில் பணிமனை வந்தது. 2010 காமன்வெல்த் போட்டிக்கான வீரர் குடியிருப்பு வந்தபோது எதிர்ப்பு வலுத்தது. வழக்கைக் கேட்ட தில்லி உயர் நீதிமன்றம், அந்த இடத்தை ஆராய 2008 நவம்பரில் குழு அமைக்க உத்தரவிட்டது. அந்த இடம் ஆற்றுப் படுகையும் அல்ல, வெள்ளச் சமவெளியும் அல்ல என்று கூறி 2009 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்து செய்தது. ஒவ்வொரு கட்டுமானமும் ‘இது ஒன்று மட்டும்’ என்றே தொடங்கியது.

இதே காலகட்டத்தில் இன்னொரு வகை வெளியேற்றமும் நடந்தது. யமுனைப் படுகை ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு 2003 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது மத்திய சுற்றுலா, கலாசாரத் துறை அமைச்சராக இருந்த ஜக்மோகன், நதிக்கரையைச் சுற்றுலா வெளியாக்கும் திட்டத்தில் ஆர்வம் காட்டினார். 2004-ன் முதல் மாதங்களில் ‘யமுனா புஷ்தா’ குடிசைப் பகுதிகள் இடித்து அகற்றப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலைவாய்ப்புக்கு வெகு தொலைவில் உள்ள பவானா போன்ற இடங்களுக்குச் சென்றன. மாற்று மனை கிடைக்காதவர்களும் பலர். நதியை மாசுபடுத்துகின்றனர் என்பதே அவர்கள் மீதான குற்றச்சாட்டு. அவர்கள் போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நதியின் நிறம் மாறவில்லை. நகரின் 22 கால்வாய்கள் கொண்டுவரும் கழிவுடன் ஒப்பிட்டால் குடிசைகளின் பங்கு எவ்வளவு சிறியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இந்திய வனப் பணியில் இருந்து விலகி, ‘யமுனா ஜியே அபியான்’ இயக்கத்தை நடத்திய மனோஜ் மிஸ்ரா தொடுத்த வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரி 13-ல் விரிவான தீர்ப்பளித்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் தொடும் எல்லைக்குள் கட்டுமானம் கூடாது என்றது தீர்ப்பு. நதி தூய்மையாகும் வரை சமவெளியில் உணவுப் பயிர்கள் விளைவிக்கவும் தடை விதித்தது. மறு ஆண்டே, 2016 மார்ச்சில், வாழும் கலை அமைப்பின் மூன்று நாள் உலகக் கலாசார விழா அதே சமவெளியில் நடந்தது. சமவெளிக்கு நேர்ந்த சேதத்துக்கு அவ்வமைப்பே பொறுப்பு என்று 2017 டிசம்பரில் தீர்ப்பாயம் கூறியது. விழாவுக்கு அனுமதி கிடைத்த மண்ணில், கத்தரிக்காய் பயிரிட்ட விவசாயிக்கு அனுமதி இல்லை! மிஸ்ரா 2023 ஜூனில் காலமானார். சாதனை வெள்ளம் வந்தது அடுத்த மாதம்.

பூங்காக்கள் வந்தன

இப்போதைய நதிக்கரை மேம்பாட்டுத் திட்டங்களைக் குறை மட்டுமே சொல்லித் தள்ளிவிட முடியாது. கிழக்குக் கரையில் ‘அசிதா ஈஸ்ட்’ 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சராய் காலே கானில் மூங்கில்களைக் கொண்டு ‘பான்சேரா’ உருவானது. காஷ்மீரி கேட் அருகே வாசுதேவ் படித்துறை 2024 மார்ச்சில் வந்தது. நதிக்கு முதுகு காட்டியே வாழப் பழகிவிட்ட நகரத்தில், மாலையில் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குச் செல்ல முடிவதே பெரிய மாற்றம். கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கப்பட்ட இடங்கள் துப்புரவு செய்யப்பட்டிருக்கின்றன.

ஆயினும் 2023 வெள்ளத்தில் இந்தப் பூங்காக்கள் மூழ்கி, வண்டல் படிந்தன. வெள்ளச் சமவெளி என்றால் வெள்ளம் வரத்தான் செய்யும். புல்வெளியும் நாணலும் அதைத் தாங்கும். நடைபாதைக் கல்லும் மின்விளக்குக் கம்பமும் நீரூற்றும் தாங்குமா? ஒவ்வொரு முறையும் பொதுப் பணத்தில் மீண்டும் அமைக்க வேண்டும்.

அகமதாபாதின் சாபர்மதி நதிக்கரையை முன்மாதிரியாகக் காட்டுவது அரசியல் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அங்கே இரு கரைகளிலும் சுவர் எழுப்பி நதியை ஒரே அகலத்துக்குள் அடக்கினார்கள். வாஸ்னா கதவணைக்கு மேலே தேங்கி நிற்கும் நீர், கால்வாயில் வரும் நர்மதையின் நீர். யமுனைக்கு அப்படிக் கடன் கொடுக்க இன்னொரு நர்மதை இல்லை. லட்சக்கணக்கான கனஅடி வெள்ளத்தைச் சுவர்களுக்குள் அடக்கவும் முடியாது.

தில்லிக்குள்ளேயே வேறொரு முன்மாதிரி இருக்கிறது. ஜகத்பூர் அருகே 2002-ல் தொடங்கப்பட்ட யமுனை பல்லுயிர்ப் பூங்காவின் பரப்பு 457 ஏக்கர். தில்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் வழிகாட்டுதலில், சீரழிந்த நிலத்தில் சதுப்பு நிலங்களும் இப்படுகைக்கே உரிய மரம், புல் வகைகளும் படிப்படியாக மீட்கப்பட்டன. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வருகின்றன. 2016 நவம்பரில் சிறுத்தை ஒன்று அங்கே நடமாடியது கண்டு தில்லியே வியந்தது. மழைக்காலத்தில் வரும் வெள்ளத்தால் இத்தகைய நிலம் கெடுவதில்லை. நிலத்தடி நீர்தான் ஊறுகிறது. இதை அமைத்ததும் அதே வளர்ச்சி ஆணையம்தான். ஆனால் திறப்பு விழாவுக்குக் கல்வெட்டும் படித்துறையும் தரும் பெருமையைச் சதுப்பு நிலம் தருவதில்லை போலும்.

மூன்று கதவணை, மூன்று அரசு

சிக்கலின் வேர் தில்லியின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஹத்னிகுண்டில் மேற்கு, கிழக்கு யமுனைக் கால்வாய்களுக்கு நீர் பிரிந்த பிறகு நதியில் மிஞ்சுவது சொற்பம். ஐந்து மாநிலங்களும் 1994 மே மாதம் செய்துகொண்ட ஒப்பந்தம் நீரைப் பங்கிட்டது. நதிக்கு விநாடிக்கு 10 கனமீட்டர் குறைந்தபட்ச ஓட்டம் வேண்டும் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வறண்ட மாதங்களில் 23 கனமீட்டர் தேவை என்று தேசிய நீரியல் நிறுவனம் பின்னர் பரிந்துரைத்தது. அந்தக் கூடுதல் 13 கனமீட்டரைத் தன் பங்கில் இருந்து தர எந்த மாநிலம் முன்வரும்? படகும் படித்துறையும் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகே வர வேண்டியவை.

தில்லிக்குள்ளேயே நிர்வாகம் சிதறிக் கிடக்கிறது. வஜீராபாத் கதவணை தில்லி அரசிடம். ஓக்லா கதவணை உத்தரப் பிரதேசத்திடம். நடுவில் உள்ள ஐ.டி.ஓ. கதவணையின் பொறுப்பு 2023 வெள்ளத்தின்போது ஹரியாணாவிடம் இருந்தது. மதகுகள் சிக்கிக்கொண்டபோது இரு மாநில அரசுகளும் ஒன்றையொன்று குற்றம்சாட்டின.

இவர்களை ஒரே மேசையில் அமர்த்தத்தான் 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியம் அமைந்தது. தில்லியோடு ஹரியாணா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகியவற்றின் பகுதிகள் இதில் அடக்கம். பரப்பு 55,083 சதுர கி.மீ. வாரியம் 2005-ல் அறிவிக்கை செய்த 2021-க்கான வட்டாரத் திட்டம், ஆரவல்லி மலைத்தொடர், நதிகள், ஏரிகளை ‘இயற்கைப் பாதுகாப்பு மண்டலம்’ என்று வகைப்படுத்தியது. பொழுதுபோக்கு நடவடிக்கைகளுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் கட்டுமானம் பரப்பில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இத்தனை தெளிவான விதி நாட்டில் வேறெங்கும் அரிது. 2021 இறுதியில் வெளியான 2041-க்கான வரைவில் ‘பாதுகாப்பு’ என்ற சொல் மறைந்து ‘இயற்கை மண்டலம்’ ஆயிற்று, 0.5 சதவீத வரம்பும் காணாமல் போனது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தனர்.

கீழே ஆக்ரா. தேசியத் தலைநகர் வட்டாரம் அங்கே எட்டாது. 10,400 சதுர கி.மீ. பரப்புள்ள தாஜ் மண்டலத்துக்கு வேறு அமைப்பு, வேறு விதிகள். தாஜ் மஹாலுக்கும் ஆக்ரா கோட்டைக்கும் இடையே யமுனைப் படுகையை நிரப்பி வணிக வளாகம் அமைக்க முயன்ற ‘தாஜ் பாரம்பரியப் பாதை’ திட்டத்தின் மதிப்பு 175 கோடி ரூபாய். 2003-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. மாயாவதி அரசை உலுக்கிய விவகாரமாக அது அரசியல் வாசகர்களின் நினைவில் இருக்கும். 2016-ல் தாஜின் பளிங்கில் பச்சைக் கறைகள் தென்பட்டன. தேங்கிய யமுனை நீரில் பெருகிய பூச்சிகளின் எச்சம் அது. தில்லி அனுப்பும் நீர்தான் ஆக்ராவை அடைகிறது.

கடலோரங்களுக்கு 1991 முதலே ஒழுங்குமுறை அறிவிக்கை இருக்கிறது. ஆறுகளுக்கு அதுபோல ஒன்றைக் கொண்டுவர முயன்ற வரைவுகள் வரைவாகவே நின்றன. இதற்கிடையே தில்லி வளர்ச்சி ஆணையம் 2021-ல் வெளியிட்ட 2041 பெருந்திட்ட வரைவு, ஓ மண்டலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று நதியும் அதன் வெள்ளப் பகுதியும். மற்றது ஒழுங்குபடுத்தப்பட்ட வளர்ச்சிக்கு இடமளிக்கும் நதிமுகப் பகுதி. அங்கீகாரமற்ற காலனிகளுக்கு உரிமை வழங்கிய 2019-ம் ஆண்டு மத்திய அரசுத் திட்டத்தில் ஓ மண்டலக் காலனிகள் சேர்க்கப்படவில்லை. பிரிவுக் கோடு எந்தத் தெரு வழியாகச் செல்லப்போகிறது என்பதைப் பொறுத்தே அங்குள்ள குடும்பங்களுக்குப் பட்டாவா, இடிப்பு நோட்டீஸா என்பது முடிவாகும்.